வெள்ளமில்லாத சைரன்

"உன் பேரை எடுத்தாச்சு. அறிக்கையும் அச்சாகி வந்துட்டு. இனி அதைப் பேசிப் பிரயோஜனமில்ல," என்றார் பேராசிரியர் லிங்கேஸ்வரன். குற்றாலம் நோக்கிப் போன கார் இலஞ்சியைத் தாண்டிக்கொண்டிருந்தது.

பின்சீட்டில் வேல்விழி கேமரா பெட்டியை மடியில் வைத்திருந்தாள். அருவியைப் பார்த்துக்கொண்டே இருந்து, வெள்ளம் வந்தால் தானாகச் சைரனை ஒலித்து நுழைவுத் தடுப்பை இறக்கும் கருவி. அவளுடைய முனைவர் பட்டத்துக்கான மூன்று வருட உழைப்பு. அறிக்கையின் முதல் பக்கத்தில் இப்போது இரண்டே பெயர்கள் இருந்தன: லிங்கேஸ்வரன், அவருடைய அக்கா மகன் அருண்பாண்டி.

முன்சீட்டிலிருந்து அருண்பாண்டி திரும்பினான். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடாத வேல்விழி. பெட்டி சுமந்தவங்களுக்கு நன்றின்னு கடைசிப் பக்கத்துல ஒரு வரி போடச் சொல்லுதேன்."

"இன்னைக்குச் சோதனை வேண்டாம் சார். இது கார்த்திகை மாசம். புரட்டாசியிலேயே உங்களுக்கு மெயில் அனுப்பினேன்."

"நாள் நட்சத்திரம் பார்த்து ஆராய்ச்சி செய்யுத ஆளை இப்பதான் பார்க்கேன்," என்றார் லிங்கேஸ்வரன். "நாம எடுத்த இருபதாயிரம் படம் போதாதாக்கும்?"

இருபதாயிரம் படங்களும் ஆனி, ஆடி, ஆவணியில் எடுத்தவை. குற்றாலத்தில் பிறந்த லிங்கேஸ்வரனுக்கு வருடம் என்றால் சீசன் நடக்கும் அந்த மூன்று மாதங்கள்தான். மற்ற மாதங்களில் அங்கே யார் வருகிறார்கள் என்பதை அவர் யோசித்ததே இல்லை.

பேரருவியில் எப்சிபா காத்திருந்தார். ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமைப்பின் மதிப்பீட்டாளர். நெல்லையிலிருந்து பஸ்ஸில் வந்தவர், அறிக்கையைப் பஸ்ஸிலேயே படித்து முடித்திருந்தார். தண்ணீர் கண்ணாடியாக விழுந்துகொண்டிருந்தது. அருண்பாண்டி கேமராவைக் கம்பத்தில் பொருத்தினான். கால் மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பிறகு ராயகிரியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஐயப்ப பக்தர்கள் வந்து இறங்கினார்கள். அறுபது பேர் காவி வேட்டியோடு அருவிக்குள் நுழைந்தார்கள்.

சைரன் அலறியது. தடுப்பு இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் மலையை அண்ணாந்து பார்த்தபடி சிதறி ஓடினார்கள். கூட்டத்தை அழைத்து வந்த குருசாமி வேல்சாமி பாறையில் வழுக்கி விழுந்தார்; முழங்காலில் ரத்தத்தோடு நேராக லிங்கேஸ்வரனிடம் வந்தார்.

"வெள்ளம் எங்க சாமி?"

"கொஞ்சம் பொறுங்க..."

"மாலை போட்டிருக்கேன் சாமி. அதனால வாயில நல்ல வார்த்தையா வருது."

அவர் பின்னால் அறுபது பேரும் கூடிவிட்டார்கள். சைரன் நிற்கவில்லை. அருண்பாண்டி லேப்டாப்பில் எதையெதையோ தட்டினான்.

வேல்விழி முன்னால் வந்தாள். "குருசாமி, எல்லாரும் அந்த மரத்துக்கு அங்கன போய் நில்லுங்க. ஒரு நிமிசம்தான்."

முறைத்துக்கொண்டே நகர்ந்தார்கள். சைரன் நின்றது. திரும்பி வரச் சொன்னாள். மறுபடியும் அலறியது. கம்பியைப் பிடுங்கி அதை நிறுத்தினாள்.

"சீசன் கூட்டம் கலர் கலரா உடுத்தியிருக்கும் மேடம்," என்றாள் எப்சிபாவிடம். "அந்தப் படங்கள்ல செம்மண் நிறம் வெள்ளத்துல மட்டும்தான் இருந்துச்சு. அந்த நிறம் நிறைய தெரிஞ்சா வெள்ளம்னு இது படிச்சிட்டு. காவியை இதுவரை பார்த்ததே இல்ல."

ஒரு பக்தர் கேட்டார்: "அப்ப எங்களையெல்லாம் சேத்தண்ணீன்னு நெனச்சிட்டாக்கும்?"

எப்சிபா சிரிக்கவில்லை. "இது யார் செய்த தவறு?"

லிங்கேஸ்வரன் தயங்கவே இல்லை. "நிறம் பார்க்கிற பகுதி முழுக்க இந்தப் பொண்ணு செஞ்சது மேடம்."

எப்சிபா அறிக்கையைப் புரட்டினார். "இவர் பெயரே இதில் இல்லையே."

"அச்சுல விட்டுப்போச்சு." அவர் அறிக்கையை வாங்கி, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, முதல் பக்கத்தில் மூன்றாவது பெயராக எழுதினார்: வேல்விழி. எதிரே 'வடிவமைப்பு, நிரல்' என்று எழுதினார். போதாதென்று கீழே கையெழுத்தும் தேதியும் போட்டார். "இனி பொறுப்பு யாருதுன்னு தெளிவா இருக்கும்லா."

அறிக்கை எப்சிபாவின் கைக்குத் திரும்பிய பிறகுதான் வேல்விழி போனை எடுத்து, தான் அனுப்பிய மெயிலைத் திறந்து நீட்டினாள்.

எப்சிபா நிதானமாகப் படித்தார். 'கார்த்திகையில் காவி வேட்டிக் கூட்டம் வரும். அந்த மாதப் படங்கள் இல்லாமல் நேரடிச் சோதனை செய்தால் பொய் எச்சரிக்கை வரும். சோதனையைத் தள்ளிவைக்க வேண்டும்.' அனுப்பியது புரட்டாசியில். கீழே லிங்கேஸ்வரனின் பதில் ஒரே வரி: 'உன் வேலையை மட்டும் பார்.'

"வடிவமைத்தவர் வேண்டாமென்று எழுதியிருக்கிறார். நீங்கள் மீறி நடத்தியிருக்கிறீர்கள்," என்றார் எப்சிபா.

"மேடம், அந்தப் பக்கத்தைக் கொடுங்க. வேற அச்சடிச்சுத் தாரேன்."

"நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. இருக்கட்டும்." அறிக்கை அவர் பைக்குள் போனது.

லிங்கேஸ்வரன் வேல்விழியின் பக்கம் குனிந்தார். "உன் தீசிஸ்ல நான்தான் கையெழுத்துப் போடணும். மறந்துடாத."

"ஒண்ணு போட்டுட்டீங்களே சார். அடுத்ததுக்கு வேற கைடு கெடைப்பாங்களான்னு மேடம்கிட்டயே கேட்டுக்கிடுதேன்."

அவள் கருவியின் பெட்டியைத் திறந்து, தடுப்பை உயர்த்தினாள். வேல்சாமி நொண்டிக்கொண்டே லிங்கேஸ்வரனைத் தாண்டிப் போனார்.

"இனி குளிக்கலாமா, இல்ல உங்க மெஷின்கிட்ட கேக்கணுமா சாமி?"