வெள்ளிக்கிழமை லைன்

பாஞ்சாலி அன்று மடித்த லுங்கிகளில் பாதி கோணலாகப் போனது. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரரிடமிருந்து கட்டுக் கட்டாக வரும் லுங்கியை மடித்து, லேபிள் ஒட்டி, பாலிதீன் உறையில் போட்டுக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. கண்ணை மூடிக்கொண்டே மடிப்பாள். அன்று கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தப்பு செய்தாள். மனசு முழுக்க வேறொருவர் கையின் மேல் இருந்தது.

அவள் புருஷன் சிங்காரம் மஸ்கட்டில் வெல்டர். சொந்த அத்தை மகன். கல்யாணத்துக்குப் பிறகும் பாவா என்றுதான் கூப்பிடுவாள். அன்று காலை திருத்தணி பஸ் ஸ்டாண்டில், அதே கம்பெனியிலிருந்து லீவில் வந்திருந்த கனகம்மாசத்திரத்துக்காரர் ஒருவர் அவளைப் பார்த்து, "சிங்காரத்துக்குக் கை இப்ப எப்டிம்மா கீது?" என்று கேட்டுவிட்டார். அவள் முகம் மாறியதும், லேசான அடிதான், ஒன்றும் இல்லை என்று சொல்லி, வராத பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி நகர்ந்துவிட்டார்.

சாயங்காலம் போன் வந்தது. அவள் கேட்டு முடிப்பதற்குள், கை நல்லாத்தான் இருக்கிறது என்றான் சிங்காரம். கேள்விக்கு முன்னால் பதில் தயாராக நின்றதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அதோடு இன்னொன்றும் சொன்னான். கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், அடுத்த சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நீ சரின்னா போட்டுடறேன். நீயே சொல்லு" என்று அவள் தலையில் இறக்கிவிட்டான்.

கையைப் பார்க்காமல் எப்படிச் சரி என்று சொல்வது? நெருப்பில் வேலை செய்கிறவனுக்குக் கைதானே எல்லாம்?

போன தடவை வந்தபோது அவன் ஒரு பழைய கம்ப்யூட்டரும் அதற்கு ஒரு கேமராவும் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். அது மூலையில் லுங்கி போர்த்திக்கொண்டு கிடந்தது. நெட் மட்டும் இல்லை. பிரவுசிங் சென்டருக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தாள். பின்னால் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். புருஷனிடம் கையைக் காட்டு என்று அங்கே உட்கார்ந்து அழ முடியுமா? வீட்டுக்கே லைன் இழுப்பதென்று முடிவு செய்தாள்.

எந்த லைன் என்பதுதான் அடுத்த குடைச்சல். டெலிபோன் ஆபீசில் வாங்கினால் வாடகை அதிகம், அளவும் உண்டு. அளவு தாண்டினால் பில் ஏறும். கேபிள் டிவி நடத்தும் சாய்ராம் அதில் பாதி வாடகைக்குத் தருகிறான், எவ்வளவு வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறான். பாதி என்றாலும் மாசத்தில் ஒரு வாரம் லுங்கி மடித்த கூலி அதற்கே போய்விடும். கொடுக்கிற காசுக்குத் தகுமா தகாதா என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் அவசரப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில் அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். சாய்ராம் லைன் வைத்திருந்த வீடுகளில் போய் விசாரித்தாள். பக்கத்து வீட்டு ஞானம்மாளின் மகன் துபாயில் இருக்கிறான். "சூப்பரா கீதுடி. எம் மவன் எதிர்ல ஒக்காந்து பேசறாப்பலவே கீது. கண்ண மூடிகினு வாங்கு" என்றாள் ஞானம்மாள். எதிர் வீட்டிலும் அதே பாட்டு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாய்ராமே வந்து, ஞானம்மாள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நெட்டிலிருந்து கிருத்திகைத் திருவிழா வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினான். படம் ஒரு இடத்திலும் நிற்காமல், காவடிகள் படியேறிப் போயின. பாஞ்சாலி அதோடு நம்பிவிட்டாள். காசைக் கட்டி லைனும் இழுத்துவிட்டாள்.

அந்த மத்தியானத்தில்தான் விஷயம் இருந்தது. அவளுக்கு அது அப்போது தெரியவில்லை.

வளைகுடாவில் வெள்ளிக்கிழமைதான் லீவு. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் அந்தத் தெரு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஆகிவிடும். பெண்கள் தலை சீவிப் பூ வைத்து, பிள்ளைகளுக்குப் பவுடர் பூசி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். பாஞ்சாலியும் உட்கார்ந்தாள். கனகாம்பரம் வைத்திருந்தாள். 

சிங்காரத்தின் முகம் வந்தது. இளைத்திருந்தான். சிரித்தான். அவன் இடது பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்திருந்ததை அவள் கவனித்தாள். வலது கை மேஜைக்குக் கீழே இருந்தது.

"கைய காட்டு பாவா."

"இன்னாத்துக்குடி இப்ப?"

"காட்டு. பாத்துட்டுப் போறேன்."

அவன் தோள் அசைந்தது. கை மேலே வரப்போகிறது என்று அவள் திரைக்குக் கிட்டே குனிந்தாள். படம் அப்படியே நின்றுவிட்டது. பாதி திறந்த வாயோடு அவன் முகம் உறைந்து நின்றது. குரல் ஒரு தடவை கரகரத்து, அறுந்துபோனது. அவள் அலோ அலோ என்று கத்தினாள். மவுஸைத் தட்டினாள். கேமராவைத் திருகினாள்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் காதில் விழுந்தது. "அலோ, கண்ணு, தெரிலடா, மூஞ்சி தெரில" என்று ஞானம்மாள் கத்திக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டிலும் அலோ அலோ. வாசலுக்கு வந்து நின்றாள் பாஞ்சாலி. தெரு முழுக்க, வீட்டுக்கு வீடு, ஒரே அலோ.

ஒரு குழாயில் தெரு முழுக்க ட்யூப் மாட்டி, எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் யார் குடத்தில் தண்ணீர் விழும்? செவ்வாய்க்கிழமை மத்தியானம் எல்லா ஆம்பளைகளும் அங்கே வேலையில் இருப்பார்கள். இங்கே யாரும் திறப்பதில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சாய்ராம் காவடியை ஓட்டிக் காட்டியிருக்கிறான்.

ஞானம்மாள் வீட்டுக்குள் போய் அவள் எதிரில் நின்றாள். சண்டை போடத்தான் போனாள். ஞானம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வாங்கின நாளிலிருந்தே வெள்ளிக்கிழமை இப்படித்தான். புது ஆள் ஒருத்தரைப் பிடித்துக் கொடுத்தால் ஒரு மாசம் வாடகை வேண்டாம் என்று சாய்ராம் சொல்லியிருக்கிறான். "அதுகூடப் பெரிசில்லடி. எம் மவன் துபாய்ல கீறான்னு மார் தட்டிகினு கெடக்கறேன். நானே ஏமாந்துட்டேன்னு எந்த வாயால சொல்றது? எனக்கும் எதிர் வீட்டுக்காரிதான் நல்லா கீதுன்னா."

மறுநாள் சனிக்கிழமை. பதில் சொல்ல வேண்டிய நாள். காலையில் சாய்ராம் வந்தான். கூடவே தெருக்கோடிக் குப்பம்மாளையும் அழைத்து வந்திருந்தான். குப்பம்மாள் கே.ஜி.கண்டிகைப் பக்கம் களை எடுக்கப் போகிறவள். அவள் மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய்க் கொஞ்ச நாள்தான் ஆகிறது.

சாய்ராம் முதலில் பாஞ்சாலியைத் தனியாக நகர்த்திப் பேசினான். நேற்று ஏதோ கோளாறு, அவள் லைனுக்கு மட்டும் வேகத்தைக் கொஞ்சம் தூக்கி விடுகிறேன், இன்றைக்கே புருஷனைப் பளிச்சென்று பார்க்கலாம் என்றான். அந்த அம்மாவிடம் லைனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் போதும்.

பாஞ்சாலி உள்ளே இருந்த கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தாள். இன்றைக்கே பார்க்கலாம். இன்றைக்குத்தான் பார்க்க வேண்டும். நாலு வார்த்தைதானே.

குப்பம்மாள் வெடித்த விரல்களால் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நீ சொன்னா வாங்கிக்கறேன். எம் பொண்ணு அங்க சாப்பிடறாளா, அழறாளான்னு மொகத்தப் பாத்தா போதும்" என்றாள்.

அந்தப் பெண்ணின் முகமும் பாதி திறந்த வாயோடு உறைந்து நிற்பதைப் பாஞ்சாலி மனசில் பார்த்துவிட்டாள்.

"வாங்காதக்கா" என்றாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் ஊட்டாண்ட வந்து நின்னு பாரு. தெருவே அலோ அலோன்னு கத்திகினு இருக்கும். நான் ஏமாந்துட்டேன். நீயும் ஏமாறாத."

சாய்ராமின் முகம் சுருங்கியது. உன் லைன் இனிமேல் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினான். பாஞ்சாலிக்கு இருந்த ஒரு வழியும் போனது. குப்பம்மாளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

மத்தியானம் சிங்காரம் போன் செய்தான். பதில் என்ன என்றான். அதை விட்டுவிட்டுப் பாஞ்சாலி, லைன் வாங்கின கதையை, யாரிடமும் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்ததை, ஒன்று விடாமல் சொன்னாள். லுங்கி மடித்த கூலியை இப்படித் தொலைத்துவிட்டேன், என்னைத் திட்டு பாவா என்றாள்.

அவன் திட்டவில்லை. 

"பாஞ்சாலி" என்றான். "ரெண்டு வெரலு மடங்க மாட்டேங்குது. தகடு விழுந்துட்ச்சி. ரெண்டு மாசமாவுது. ஆம்பள, அத போய் எப்டி சொல்றதுன்னுதான்..."

அவள் அழவில்லை. இத்தனை நாள் தெரியாமல் இருந்த பயம் இப்போது தெரிந்த கஷ்டமாக மாறியிருந்தது. அதைக் கையில் பிடிக்க முடிந்தது. "கையெழுத்துப் போடாத பாவா. வந்துடு. வேலூர் ஆஸ்பத்திரில காட்டலாம். நான் மடிக்கற லுங்கி போதும் கொஞ்ச நாளைக்கி" என்றாள். சரி என்றான். ஆங், வந்துடறேன் என்று இன்னொரு தடவையும் சொன்னான்.

போனை வைத்துத் திரும்பினால் வாசலில் ஞானம்மாள் நின்றிருந்தாள். குப்பம்மாளும் போகவில்லை. ஞானம்மாளுக்கு முகத்தைக் காட்ட முடியவில்லை. எல்லா வீட்டுக்காரிகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாய்ராமிடம் கேட்போமா, அவன் மேல் தப்பா, நம் மேல் தப்பா என்று முணுமுணுத்தாள்.

கலைந்து கிடந்த லுங்கிக் கட்டை நகர்த்தி அவளுக்கு உட்கார இடம் விட்டாள் பாஞ்சாலி.

"போலாம்க்கா. சரியா குடு, இல்ல காச குடுன்னு கேக்கலாம். ஏமாத்தனது அவன் தப்பு. ஏமாந்தது யாருக்கும் அவமானம் இல்ல. ஆனா ஏமாந்தத மூடிட்டு, நல்லா கீதுன்னு அடுத்த ஊட்டுக்காரிகிட்ட சொன்னோம் பாரு, அந்த எடத்துல நாமளும் சாய்ராம் ஆயிட்டோம். எந்தப் பொருள் வாங்கறதா இருந்தாலும் வாயத் தொறந்து கேக்கணும். நம்மள ஒருத்தர் கேட்டா, வாயத் தொறந்து நெசத்த சொல்லணும்."