வலத்தாடை வெள்ளை

நிலக்கரிக் கப்பல் ஒன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, அதன் மூக்கில் ஒரு திமிங்கிலம் குறுக்காக மாட்டிக்கொண்டு கிடந்தது. கப்பலில் இருந்த யாருக்கும் அது தெரியவில்லை. கப்பலை உள்ளே இழுத்துவர எதிரே போன இழுவைப் படகின் மாஸ்டர் ரோச்தான் முதலில் பார்த்தார்.

கடல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஒப்பந்த ஆய்வாளராக இருந்த ஆமிரா தகவல் கிடைத்து வந்துசேர்வதற்குள், கப்பல் பின்வாங்கி, உடல் வழுக்கித் தண்ணீரில் மிதந்தது. ரோச்சின் படகு அதன் வாலில் கயிறு போட்டுக் காத்திருந்தது. கப்பல் ஏஜெண்ட் தேவதாசன் அந்தப் படகின் தளத்தில் நின்றுகொண்டிருந்தார்; ஆமிராவும் அதில் ஏறினாள்.

“போட்டோ எடுத்துக்கோங்க மேடம். பிரைடு திமிங்கிலம். நம்ம கடல்ல எப்பவும் உள்ளதுதான். எங்கயோ செத்து மிதந்துருக்கு, கப்பல்ல வந்து ஒட்டிக்கிடுச்சு. ஆழத்துல கொண்டுபோய் விட்டுட்டா வேலை முடிஞ்சிது.”

ஆமிரா படகின் விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தாள். பிரைடு திமிங்கிலத்தின் தலைமேல் நீளவாக்கில் புடைப்பாக மூன்று வரம்புகள் ஓடும். இதற்கு நடுவில் ஒன்றே ஒன்று. நீலத் திமிங்கிலமாக இருந்தால் தலை அகன்றிருக்கும், உடம்பெல்லாம் சாம்பல் திட்டு இருக்கும். இதன் தலை கூர்ந்திருந்தது, முதுகு ஒரே கருஞ்சாம்பல். அலை உடலைப் புரட்டியபோது கீழ்த்தாடை தெரிந்தது. இடப்பக்கம் கறுப்பு. வலப்பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. உலகத்தில் ஒரே ஒரு பெரிய திமிங்கிலத்துக்குத்தான் தாடை இப்படி இரண்டு நிறமாக இருக்கும் என்று பல வருடமாகப் படித்திருந்தாள். கண்ணால் பார்த்ததில்லை.

“இது பிரைடு இல்ல சார். ஃபின் திமிங்கிலம். நீலத் திமிங்கிலத்துக்கு அடுத்து உலகத்துலயே பெருசு.”

“சரி, பெருசாவே இருக்கட்டும். செத்துப்போச்சுல்லா?”

“எப்படிச் செத்துதுன்னு பாக்கணும். கரைக்குக் கொண்டுவரணும்.”

தேவதாசன் யாருக்கோ போன் போட்டார். சற்று நேரத்தில் ஆமிராவின் போன் அடித்தது. நிலையத்தின் தலைவர் அருமைநாயகம்.

“ஆமிரா, ஃபின்னுன்னு சொல்லிட்டியாமே? இந்தியக் கரையில ஃபின்னுன்னு எழுதி வச்சதுல நிறைய பின்னாடி தப்புன்னு ஆயிருக்கு. நீயும் மாட்டிக்காத. படம் எடுத்துட்டு வந்துரு.”

“தப்பா இல்லையான்னு பாக்கத்தான் சார் கரைக்குக் கொண்டுவரக் கேக்குதேன்.”

“வான்னா வந்துரணும்மா.”

அவள் போனை வைத்தாள். உடனே வனத்துறை ரேஞ்சருக்கு அழைத்தாள். அவர் திருச்செந்தூரில் இருந்தார். வந்துகொண்டிருக்கிறேன், அதுவரை யாரும் உடலைத் தொடக்கூடாது என்றார். அதைத் தேவதாசனிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

“அவர் வாரதுக்குள்ள கப்பல் பாதை அடைச்சுக் கிடக்கும். மாஸ்டர், எடுங்க.”

எஞ்சின் உறுமியது. ஆமிரா தளத்தின் பின்பக்கம் போய், இழுவைக் கயிறு சுற்றிய இரும்புக் குற்றிக்குமேல் ஏறி நின்றாள். காலுக்கடியில் கயிறு இறுகத் தொடங்கியது.

“தங்கச்சி, இறங்கு!” ரோச் மேலிருந்து கத்தினார். “கயிறு அறுந்துச்சுன்னா உன்னைத் துண்டாக்கிரும்!”

“ரேஞ்சர் வந்ததும் இறங்குதேன் அண்ணாச்சி.”

“மாஸ்டர், அந்தப் பிள்ளைக்கு இந்தப் படகுல நிக்கவே அனுமதி கிடையாது!” என்றார் தேவதாசன். “இழுங்க, தானா இறங்கும்.”

ரோச் அவளைப் பார்த்தார். அவள் இறங்கவில்லை. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, துறைமுகக் கட்டுப்பாட்டு அறையை ரேடியோவில் அழைத்தார்.

“கன்ட்ரோல், கயித்து மேல ஆள் நிக்குது. நான் இழுக்க மாட்டேன்.”

“ஆளை இறக்கிட்டு இழுங்க.”

“பொம்பளைப் பிள்ளையைத் தொட்டு இறக்குத சோலி எனக்கில்ல. ரேஞ்சர் வரட்டும்.”

ரேஞ்சர் வந்தார். மாலைக்குள் உடல் துறைமுகத்துக்குத் தெற்கே மணல்கரைக்கு வந்தது.

கரையில் கூட்டம் கூடிவிட்டது. “வயித்துல அம்பர் கட்டி இருக்கும்லா? சென்ட்டு செய்யக் கோடிக்கு விக்குமே!” என்று ஒருவர் கத்தியோடு கிட்டே வந்தார். “அம்பர் பல்லு உள்ள எண்ணெய்த் திமிங்கிலத்துக்குத்தான். இதுக்குப் பல்லே கிடையாது, பாருங்க” என்று ஆமிரா வாயைக் காட்டினாள். மேல்தாடையில் சீப்புச் சீப்பாகத் தகடுகள் தொங்கின. அவற்றிலும் வலப்பக்கம் முன்னால் இருந்தவை மட்டும் வெளிறியிருந்தன. அவர் ஏமாற்றத்தோடு ஒதுங்கினார்.

கால்நடை மருத்துவர் விலாவைக் கீறினார். உள்ளே எலும்புகள் நொறுங்கியிருந்தன. அதைச் சுற்றியிருந்த சதை முழுக்க இரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. ஆமிரா முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தாள். செத்த உடம்பில் மோதினால் இரத்தம் இப்படிக் கட்டாது. வேகத்தில் கடலில் எந்தத் திமிங்கிலத்துக்கும் சளைக்காத ஒன்று, உயிரோடு அடிபட்டிருக்கிறது.

பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது தேவதாசன் முந்திக்கொண்டார். “காரணம் இன்னும் தெரியல.”

“தெரியும்” என்றாள் ஆமிரா. “கப்பல் மோதித்தான் செத்துருக்கு. இது ஃபின் திமிங்கிலம். ரெண்டையும் நான் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

கப்பல் சரக்கை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அதைத் தடுக்க யாராலும் முடியவில்லை. அருமைநாயகம் அவளைக் கூப்பிட்டு, அறிக்கையிலிருந்து மோதல் என்ற சொல்லை எடுத்துவிட்டால் ஒப்பந்தத்தை நீட்டிப்பதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, மகளுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அவள் எடுக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தது.

காயல்பட்டினத்து வீட்டில் வாப்பா அபுல் ஹஸன் ஒன்றே ஒன்று கேட்டார். “ஒரு சொல்லுக்காவா வேலையை விட்டே?”

“அது ஒரு சொல்லுதான் வாப்பா. ஆனா அதைத்தான் எடுக்கச் சொன்னாங்க.”

அன்றிரவு அவள் அழுதாள். ஒருநாளும் வருந்தவில்லை என்று சொன்னால் பொய்.

மழைக்காலம் கழிந்து ரோச் மணப்பாட்டிலிருந்து அழைத்தார். “விடுப்புல ஊருக்கு வந்தேன் தங்கச்சி. இங்கன ரெண்டு திமிங்கிலம், உசுரோட சுத்துது. வாரியா?”

“எனக்கு இப்ப வேலை இல்ல அண்ணாச்சி.”

“அதுகளுக்கு அது தெரியாதுல்லா!”

அவருடைய தம்பியின் ஃபைபர் படகில் போனார்கள். தாயும் குட்டியும் மத்திக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. தாய் மூச்சுவிட்டு எழுந்தபோது தலையில் மூன்று வரம்புகள் பளிச்சென்று தெரிந்தன. “இதுதான் பிரைடு” என்றாள் ஆமிரா, முகமெல்லாம் நனைந்து சிரித்தபடி.

அப்போதுதான் தெற்கிலிருந்து பெரிய கப்பல் ஒன்று நேராக வருவதைப் பார்த்தார்கள். ஆமிரா ரேடியோவைப் பிடுங்கினாள். கப்பலைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள்: முன்னால் திமிங்கிலங்கள், வேகத்தைக் குறை, கிழக்கே விலகு.

சலசலப்புக்குப் பிறகு ஒரு குரல் கேட்டது. நீ யார், எந்த அலுவலகம்?

ரோச் திரும்பி அவளைப் பார்த்தார்.

“ஆமிரா” என்றாள். “அலுவலகம் எதுவும் இல்லை. விலகு.”

பதில் வரவில்லை. அவள் அதையே மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை சொல்லிக்கொண்டிருக்கும்போது, கப்பலின் முனை மெல்லக் கிழக்கே திரும்பியது.