செபமாலை என்று எழுதிய டப்பா

"நிறுத்துப்பா அதை" என்று ஆரோக்கியம்மாள் மறுபடியும் சொன்ன பிறகே வெள்ளைச்சாமி ரேடியோ செட்டின் ஒலியைத் தணித்தார். பந்தலின் இரு மூலைகளிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்கள் காலையிலிருந்து தாயை இழந்த மகனுக்காகவும், குழந்தையை இழந்த தாய்க்காகவும் மாறி மாறி அழுதுகொண்டிருந்தன. இந்த வீட்டில் இறந்தவர் யார் என்பது அந்தப் பென்டிரைவுக்குத் தெரியாது.

"சாவு வீட்டுக்குன்னே தனியா ஏத்தி வச்சிருக்கேன் வார்டனம்மா. எல்லா ஊர்லயும் இதத்தான் கேக்குறாங்க."

"எங்க வீட்டுல யாரும் கேக்கல. இதைப் போடு."

அவள் நீட்டியது ஒரு கேசட். டப்பாவின் முதுகில் 'செபமாலை' என்று தம்பி லூர்துநாதனின் சாய்ந்த எழுத்து இருந்தது. தம்பி, குளிர்பதனப் பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே, சலவை வேட்டியும் மடித்த கைகளுமாகக் கிடந்தான். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கடைசியாக நினைவோடு பேசியபோது அவன் தன் மனைவி அந்தோணிமேரியிடம் கேட்டது ஒன்றுதான்: தன்னைத் தூக்கும்போது செபமாலை டப்பாவில் இருப்பதைப் போட வேண்டும். ஞாயிறு பூசைக்குக் கடைசியாக வந்து முதலில் வெளியேறுகிறவன், சாகும்போதாவது செபமாலையை நினைத்தானே என்று ஆரோக்கியம்மாளுக்கு ஒரு நிறைவு. தூக்கும்வரை காத்திருப்பானேன்? இந்த ஒப்பாரிக்கு இதுவே மேல்.

தம்பியின் டேப் ரெக்கார்டரை மேசையில் வைத்து ஒயர் இணைத்த வெள்ளைச்சாமி முகத்தைச் சுளித்தார். "பெல்ட்டு தொங்கிப்போச்சும்மா, இழுத்துத்தான் பாடும். இந்தப் பிளே கட்டையும் அமுக்குனா நிக்க மாட்டேங்குது. வெரலை எடுத்தா மேல வந்துருது."

"அப்ப எடுக்காதே."

கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குருவானவரின் குரல் கனத்து எழுந்தது. செபமாலையேதான். பந்தலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் சிலுவை வரைந்துகொண்டு முழங்காலிட்டார்கள். பாதிச் செபத்தை நாடா சொல்ல, மீதியைக் கூட்டம் சொல்லத் தொடங்கியது.

மேரி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். "மதினி, இது இல்ல."

"டப்பாவுல அதுதானே எழுதியிருக்கு?"

"எழுதினது என்னைக்கு உள்ள இருந்துச்சு? நல்லதையெல்லாம் கல்யாண வீட்டுக்குன்னு எரவல் வாங்கிட்டுப் போயிருவாங்க, திரும்பி வராது. செபமாலைன்னு எழுதியிருந்தா எவன் கேப்பான்? அவுகளுக்கு உசுரா இருக்கிறத அதுக்குள்ளதான் ஒளிச்சு வப்பாக."

ஆரோக்கியம்மாள் கையிலிருந்த காலி டப்பாவைப் பார்த்தாள்.

சென்ற மாதம், மேரி தம்பியோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ளத் திருச்சியிலிருந்து வந்தவள் அவள். பெண்கள் விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு தலையணை உறை மாறியிருந்தாலும் தூங்காதவள். தம்பியின் அலமாரியைத் திறந்தபோது அவளுக்கு உடம்பே எரிந்தது. காதல் பாட்டு டப்பாவில் செபமாலை. செபமாலை டப்பாவில் பெயரே எழுதாத ஒரு நாடா. நாதஸ்வரத்தில் நாடகம். நாட்கணக்கில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் அதனதன் டப்பாவில் சேர்த்து, அகர வரிசையில் அடுக்கினாள். பெயரற்றவற்றை ஓர் அரிசிச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றினாள். வீடு திரும்பி அலமாரியைத் திறக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கூட இருக்கிறாள்.

"நிறுத்திட்டு வேற போடச் சொல்லுங்க மதினி."

ஆனால் எப்படி நிறுத்துவது? முன்வரிசையில் மரியாயின் சேனைச் செபக்குழுப் பெண்கள் கண்களை மூடியிருந்தார்கள். நடுவில் அறுக்கக்கூடிய காரியமா அது? விடுதியில் செபமாலையின்போது இருமிய பிள்ளைகளையே அவள் வெளியே நிறுத்தியிருக்கிறாள். தொங்கிய பெல்ட் ஒவ்வொரு மந்திரத்தையும் இழுத்து நீட்டியது. வெள்ளைச்சாமி விரலை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார்.

"இன்னும் எம்புட்டும்மா இருக்கு?"

"அஞ்சு பத்து மந்திரத்துல இப்பத்தான் ரெண்டாவது பத்து."

"அய்யய்யோ. எங்க சாமிக்குக்கூட நான் இம்புட்டு நேரம் நின்னதில்லம்மா."

அவள் உள்ளறைக்குப் போய், தம்பி மகன் சார்லஸை ஏணியில் ஏற்றிச் சாக்கை இறக்கினாள். முதல்நாள்தான் குவைத்திலிருந்து வந்து சேர்ந்தவன். தரையில் கொட்டிய நாடாக்களைக் கண்டதும் அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"இத எதுல போட்டுப் பாப்பீங்க? இருக்கிற ஒரே டேப்பும் வெளிய ஓடுது. ஊர்ல வேற யாரு இத வச்சிருக்கா? பாட்டுப் பேரைச் சொல்லுங்கத்த, போன்லயே எடுத்துரலாம்."

"மேரி, என்ன பாட்டுடி?"

"எனக்கெப்படி மதினி தெரியும்? கதவைச் சாத்திக்கிட்டு, காதுல மாட்டிக்கிட்டுல்ல கேப்பாக. ஒரு எடம் வந்தா மட்டும் தன்னால சிரிப்பாக. என்னன்னு கேட்டா சொன்னாத்தானே."

"சிரிக்கிற பாட்டையா தூக்கும்போது போடச் சொன்னாரு?" சார்லஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "விடுங்கத்த. ஃபாதர் வந்துருவாரு. ஊரே உக்காந்திருக்கு."

"அவன் கேட்டது இது ஒண்ணுதான்."

அதைச் சொன்னபோதே அவளுக்குத் தம்பிமேல் ஆத்திரம் பொங்கியது. ஒரு பெயரை எழுதிவைக்க என்ன கேடு? எப்போதும் இப்படித்தான். அப்பா செத்தபோது அவன் அரைக்கால்சட்டைப் பையன். அவள் சம்பளத்தில்தான் படித்தான். ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டியவன், பரீட்சையில் தவறி, ஜெகதாப்பட்டினம் பஸ்ஸில் கண்டக்டர் ஆனான். பாட்டுப் பதிந்து தரும் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, வழியெல்லாம் இறங்கி, அவர்கள் கழித்துப்போட்டதைப் பை பையாக வீட்டுக்குக் கொண்டுவந்தான். இந்தப் பாட்டுதான் அவனைக் கெடுத்தது என்று உறவினர் எல்லாரிடமும் அவள் சொல்லியிருக்கிறாள். அவன் எதிரிலும் சொல்லியிருக்கிறாள். அவன் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஒவ்வொரு நாடாவாக எடுத்துப் புரட்டினாள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. வெளியே நான்காம் பத்து.

மேரி சட்டென்று தரையில் உட்கார்ந்தாள். "மதினி, முதுகைப் பாருங்க. பல்லு மாதிரி ரெண்டு இருக்கும்ல? அத ஒடச்சுட்டா அதுக்கு மேல வேற எதுவும் பதிய முடியாதாம். முக்கியமானதுன்னா அவுக ரெண்டையும் ஒடச்சிருவாக."

அப்படி இரண்டும் உடைந்த நாடா ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உடைசல் என்று அவள் குப்பையில் போட எடுத்து, மனம் மாறிச் சாக்கில் போட்டது. கை பட்டுப் பட்டு அதன் மூலைகள் மழுங்கியிருந்தன.

அவள் பந்தலுக்கு வந்தபோது செபமாலை முடிந்து, பங்குத்தந்தை வந்துவிட்டிருந்தார். தீர்த்தம் தெளித்தார். மேரியின் அழுகைக்கு நடுவில் உடலைச் சவப்பெட்டிக்கு மாற்றி மூடினார்கள். ஆரோக்கியம்மாள் வெள்ளைச்சாமியை விலக்கி, நாடாவைப் போட்டுக் கட்டையைத் தானே அழுத்தினாள்.

முதலில் மழைபோல் ஓர் இரைச்சல். பிறகு எங்கோ தொலைவில், நேயர்களின் ஊரையும் பெயரையும் வாசிக்கும் வானொலிக் குரல். பிறகு ஒரு பெண்ணின் பாட்டு, ஆணின் குரலாய் இழுபட்டு வந்தது. ரேடியோவுக்கு எதிரே டேப்பை வைத்துப் பிடித்த பாட்டு அது. பாட்டோடு அறையும் பதிந்திருந்தது. பாத்திரம் ஒன்று உருண்டது. நாய் குரைத்தது.

"தூக்குங்கப்பா" என்றார் யாரோ. பெட்டி தோள்களுக்கு ஏறியது.

அப்போது குழாய்கள் இரண்டிலும் ஒரு கனத்த குரல் இடித்தது.

"டேய் லூர்து! நாளைக்குப் பரிச்சைய வச்சுக்கிட்டு என்னடா பாட்டு? அணைக்கிறியா, நான் எந்திரிச்சு வரவா?"

தூக்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அப்பாவின் குரல் என்றே ஆரோக்கியம்மாளுக்குத் தோன்றியது. ஆனால் பரீட்சை எழுதும் வயதில் அவனை அதட்ட அப்பா இல்லை.

நாடாவுக்குள், ஒலிவாங்கிக்கு மிக அருகில், ஓர் இளைஞன் சிரிப்பை அடக்கமாட்டாமல் மூக்கால் விட்டான்.

"மதினி" என்றாள் மேரி. அவள் பார்வை குழாயிலிருந்து ஆரோக்கியம்மாளின் முகத்துக்கு வந்தது.

வெள்ளைச்சாமி குனிந்தார். "நல்ல பாட்டும்மா. நடுவுல யாரோ கத்திக் கெடுத்துப்புட்டாங்க. பென்டிரைவைப் போடவா?"

"வேணாம்."

பெட்டி நகர்ந்தது. பாடற்குழுவினர் கோயில் பாட்டைத் தொடங்கினார்கள். சார்லஸ் திரும்பி வந்து, "அத்த, வாங்க, எல்லாரும் கெளம்பியாச்சு" என்றான்.

"நீ போ. அம்மாவைப் பிடிச்சுக்க."

"நீங்க போங்கம்மா, நான் அமுக்கிக்கிறேன்" என்றார் வெள்ளைச்சாமி.

அவள் விரலை எடுக்கவில்லை. ஊர்வலம் கோயில் தெருவில் திரும்பியது. துக்க மணி கேட்டது. பந்தலில் நாற்காலிகள் தாறுமாறாகக் கிடந்தன. நாடாவில் காலடிகள் விறுவிறுவென்று நெருங்கிவந்தன. டக் என்றது. பாட்டு பாதியில் அறுந்தது. ரேடியோவை மட்டுந்தான் அன்று அவள் அணைத்திருக்கிறாள்; டேப் அதன்பாட்டுக்குப் பதிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு புத்தகம் திறக்கும் ஓசை வந்தது. பிறகு இரைச்சல்.

ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வெள்ளைச்சாமி அருகில் வந்தார்.

"பாட்டு முடிஞ்சுபோச்சும்மா."

"தெரியுது. ஓடட்டும்."

கட்டையின் மேல் அவள் நகம் வெளுத்திருந்தது. சிறிய கண்ணாடிக்குள் சக்கரங்கள் இரண்டும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன.