கட்டிங் ஆர்டர்

கல்வராயன் மலைச் சாமை விற்கும் எங்கள் கடையிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு வாரம் ஒரு மெயில் போகும். அதை எழுதுவது நான். முதலாளி பகலவன் அதில் கடையின் முழு இணைய முகவரிக்குப் பதில் சுருக்கிய லிங்க்தான் வைக்கச் சொன்னார்.

"முழு முகவரி இன்னாத்துக்கும்மா? நீளமா, அசிங்கமா இருக்குது."

"கடை பேரே தெரியாத லிங்க்கை யாரு சார் நம்புவாங்க? நாளைக்கு எவனாவது நம்ம பேர்ல போலியா அனுப்பினா?"

"அதெல்லாம் ஜனங்க பாத்துதான் அமுக்குவாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விடுவதாக இல்லை.

அவருக்குத் தியாகதுருகம் பக்கம் மூன்று ஏக்கர் கரும்பு. முற்றிப்போய், ஆலை எப்போது வெட்டச் சொல்லும் என்று ஒரு மாதமாகக் காத்துக்கிடந்தார். மறுநாள் காலை வேறொரு முகவரியிலிருந்து, ஆலை அனுப்பியது போல, அவருக்கு மெயில் அனுப்பினேன்: 'உங்கள் கட்டிங் ஆர்டர் தயார்.' கீழே, சுருக்கிய லிங்க்.

கடைக் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்ததுமே வெட்டு மேஸ்திரிக்குப் போன் போட்டார்.

"ஆர்டர் வந்துட்ச்சி, ஆளுங்களக் கூட்டிக்கினு வா!"

சொல்லிக்கொண்டே லிங்க்கை அமுக்கினார். திரையில் நான் எழுதி வைத்திருந்த ஒரே வரி திறந்தது:

'பாத்துதான் அமுக்கினீங்களா, சார்?'