சூடு ஏத்து, அமோனியா ஏறும்

எங்கள் தன்தா நகரில் டியூஷன் வாத்தியார் மிஸ்டர் வக்தியைத் தெரியாதவர் இல்லை. வேதியியலின் பாரோ மன்னன் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்ட ஆசாமி. பாரோவாம்! கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, மேடையில் மைக்கோடு குதிப்பார். கீழே ஐந்நூறு பேர் கைதட்டுவோம். கடைசி வருஷத்தில் யார் பள்ளிக்கூடம் போகிறார்கள்? எகிப்து முழுக்க டியூஷன்தான். அம்மா நடையாய் நடந்து எனக்கு அங்கே ஓர் இடம் வாங்கியிருந்தாள். நான் மருந்தியல் படித்தே ஆக வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

அன்று சமநிலைப் பாடம். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அமோனியா ஆகும். ஆன அமோனியா திரும்பப் பிரியவும் செய்யும். அதற்கு ஒரு பாட்டுக் கட்டியிருந்தார்.

"சூடு ஏத்து, வேகம் ஏறும்! சூடு ஏத்து, அமோனியா ஏறும்!"

ஐந்நூறு தொண்டைகளும் கத்தின. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டேன்.

"மிஸ்டர், முதல் வரி சரி. ரெண்டாவது தப்பு. அமோனியா உண்டாகும்போதே வெப்பம் வெளிய வருது. சூட்டை ஏத்தினா சமநிலை பின்னாடி போகும். சீக்கிரமா கிடைக்கும், ஆனா கம்மியாத்தான் கிடைக்கும்."

"அடேங்கப்பா! டாக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா!" மண்டபமே சிரித்தது. "ஏம்மா ஷாஹிநாஸ், உங்க வீட்டுல அடுப்ப அணைச்சுட்டுத்தான் ஃபூல் பயறு வேக வைப்பீங்களா?"

"பயறு வெந்தா வெந்ததுதான் மிஸ்டர், திரும்பப் பச்சையாகாது. அமோனியா பிரிஞ்சிடுமே."

சிரிப்பு நின்றது. அவர் முகம் கறுத்தது. "மைக்ல மன்னிப்புக் கேளு. இல்லேன்னா வாசல் அந்தப் பக்கம்."

தேர்வுக்கு மூன்றே வாரம். பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். வீட்டில் அம்மா தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

"வாய மூடிக்கிட்டு இருந்தா உனக்கு என்னடி கொறஞ்சு போகும்? என் தலையில மண்ணப் போட்டுட்டியே!"

தனியாகவே படித்தேன். தேர்வில் அதே கேள்வி வந்தது; அதே அமோனியா, அதே சூடு. மண்டபத்து ஆட்டுமந்தை பாட்டை நம்பி 'கூடும்' என்று குறித்துவிட்டு வந்தது. நான் 'குறையும்' என்று குறித்தேன். எனக்கு மருந்தியல் கிடைத்தது.

மறுவாரம் பாலத்தில் ஒரு பேனர். ஆளுயரத்துக்கு என் முகம், பக்கத்தில் கைகட்டிக்கொண்டு அவர். "மிஸ்டர் வக்தி பட்டை தீட்டிய வைரம்!" வெட்கங்கெட்ட ஜென்மம்! படம் எப்படிக் கிடைத்தது? அம்மாவேதான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். கிழித்தெறியப் பாய்ந்தேன். கூட வந்திருந்த அவள் என் கையைப் பிடித்து நிறுத்தி, போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்க்க நீளமாய் ஒரு குலவை விட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தியாடி, எவ்வளவு பெரிய மனசு அவருக்கு! உன்னை மன்னிச்சுட்டார்."