ஜெபராணியின் அழுகைக் காட்சி

எண்பத்தைந்து மார்ச் மாதம், அமெரிக்காவின் எடிசன் நகர வீட்டில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த ஜெபராணி, கண் கலங்கிய மறுநொடி அடுப்படியில் இல்லை. கடுகு பாட்டுக்கு வெடித்தது. அவள் நின்ற இடத்தில் கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரர் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல் தலையாட்டினார். சற்று நேரத்தில் அவர் போனார், அவள் வந்தாள், ரசம் இறங்கியது.

ஆளைப் பார்த்ததும் அவள் கணவர் ஜீவரத்தினத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஜப்பானிய ராட்சத மிருகப் படங்களை வாங்கி, அமெரிக்கத் தியேட்டர்களுக்காக வெட்டி ஒட்டும் கம்பெனியில் அவர் எடிட்டர். ஊரை மிதிக்கும் மிருகத்தில் கைவைக்க மாட்டார்கள். மிதிபட்ட வீட்டுக்காரி அழுவதைத்தான் வெட்டுவார்கள். அந்த இடத்தில், இங்கே தனியாகப் படம் பிடித்த ஒரு வெள்ளைக்கார நிருபர் வந்து தலையாட்டுவார். அதே ஆள்தான் இவர். போன கிறிஸ்துமஸுக்குப் பாளையங்கோட்டை மாமனார் வீட்டுக்கு அனுப்புவதற்காக, கம்பெனி கேமராவில் ஜீவரத்தினம் ஒரு படம் எடுத்தார். கார், ஃப்ரிட்ஜ், பனி எல்லாவற்றையும் சிரித்தபடி காட்டிவந்த ஜெபராணி, "என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்கப்பா" என்று கேமரா முன்னாலேயே உடைந்து அழுதாள். ஊரில் நாலு பேர் பார்ப்பார்களே என்று, அந்த அழுகையைக் கம்பெனி மேஜையில், மிருகப் படங்களை வெட்டும் அதே பிளேடால் வெட்டிக் குப்பையில் போட்டார். கெட்டிக்காரர்தான்.

அதற்குப் பிறகு அழுகை வந்தபோதெல்லாம் ஜெபராணி மறைந்தாள். முதலில் சில நிமிடங்கள், பிறகு ஒரு சாயங்காலம், பிறகு இரண்டு நாள். எங்கே போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பாஸ்டர் ஜெபித்தார், டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். வெட்டிய துண்டைத் தேடிப் போனால், குப்பை வண்டி எப்போதோ கொண்டுபோயிருந்தது. இன்னொரு தடவை போனால் திரும்பமாட்டாள் என்று இருவருக்கும் புரிந்தது. அவள் அழாமல் இருக்கப் பழகினாள். ஃப்ரீவே டிராஃபிக், துணிக்கடை ஸேல் என்று சிரித்துச் சிரித்துப் பேசியே இரண்டு வருடம் ஓட்டினாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

எண்பத்தேழில் அவள் அப்பா இறந்துவிட்டதாகப் போன் வந்தது. ஜீவரத்தினம் ஓடிவந்து அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ப்ளீஸ் ஜெபா, அழாத."

"எங்கப்பாவுக்கு நான் அழாம வேற யாருங்க அழுவாங்க?"

மறுநொடி அவர் பிடியில் கோட்டின் முரட்டுத் துணி இருந்தது.

துக்கம் கேட்க வந்த சர்ச் ஆட்கள் அந்த வெள்ளைக்காரருக்கும் காபி கொடுத்தார்கள், அவர் குடிக்கவில்லை. போகப்போக எல்லோருக்கும் பழகிவிட்டது. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஜீவரத்தினம் மாமியாருக்குப் போன் போடுகிறார். மகளை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள் என்று அந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்.

"நல்லா இருக்கா அத்தே. கடைக்குப் போயிருக்கா."

அத்தையும் சரி என்று வைத்துவிடுகிறார்.