கண்டல் கிளை வைத்த போத்தல்கள்

பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கும் கோபிகா, அரியாலைக் கடல்நீரேரிக் கரையில் நிற்கும் கண்டல் மரங்களிலிருந்து சில புழுக்களைக் கொண்டுவந்து வீட்டில் வளர்த்தாள். முதுகை வளைத்து, சாண் போட்டு அளப்பதுபோல நடக்கும் புழுக்கள். முதலில் வெளிவந்த அந்துப்பூச்சி பெண்ணாகப் போயிற்று. அந்தச் சாம்பல் பூச்சியில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று எங்கும் இருப்பது. மற்றதை இங்கே யாரும் கண்டதாகப் பதிவில்லை. பெண் பூச்சிகளில் வித்தியாசம் தெரியாது. ஆணின் வயிற்று நுனியை நுணுக்குக்காட்டியில் பார்த்தால்தான் பிடிபடும். ஆண் வரும்வரை வளர்ப்பதென்று முடிவெடுத்தாள். இலை வாடாமலிருக்கக் கண்டல் கிளைகளை ஜாம் போத்தல்களில் தண்ணீர் விட்டு யன்னலோரம் வைத்தாள்.

மழை தொடங்கியபோது மகள் தனுசியாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரி வோட்டில் பிள்ளையின் கையைப் பிடித்தபடி இருந்தவளுக்குக் கணவன் கேதீஸ்வரன் போன் எடுத்தான்.

"சுகாதாரப் பரிசோதகர் வந்து வீடு முழுக்கப் பாத்தவர். உம்மடை போத்தல் தண்ணியிலை நுளம்பு முட்டையிட்டு, குடம்பி நெளியுதாம்."

தினமும் லென்ஸ் பிடித்து இலையைப் பார்த்தவள், இலைக்குக் கீழே நின்ற தண்ணீரைப் பார்க்கவில்லை.

"கேக்குதே?"

"ஊத்துங்கோ."

"புழுக்கள் இருக்குதே..."

"எல்லாத்தையும் ஊத்துங்கோ எண்டுறன்!"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.

தனுசியாவின் இரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போய், ஒருவழியாக ஏறத் தொடங்கின. வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"அந்த நுளம்புதான் கடிச்சதெண்டு ஆருக்குத் தெரியும்? ஊரெல்லாம் டெங்கு," என்றான் கேதீஸ்வரன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வளர்ந்த புழுக்கள் புதைந்து கூட்டுப்புழுவாக அவள் வைத்திருந்த மண் பெட்டிக்குள் கிடந்த ஒன்றை மட்டும், தண்ணீர் இல்லாதபடியால், அவன் எறியாமல் விட்டிருந்தான். அடுத்த கிழமை அதிலிருந்து இறகுபோன்ற உணர்கொம்புகளோடு ஆண் பூச்சி வந்தது. கோபிகா அதைத் தொடாமல் நின்றாள்.

"கொண்டுபோய்ப் பாருமன். உதுக்குத்தானே இவ்வளவும்," என்றான் அவன். குத்திக் காட்டுகிறானா, உண்மையாகவே சொல்கிறானா என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஆய்வுகூடத்தில் சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை. யாரும் பதியாத இனம்தான். பக்கத்து மேசைக்காரி கைகொடுத்து வாழ்த்தினாள். கோபிகாவுக்கு, ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன மகளின் முழங்கை மடிப்புத்தான் கண்ணில் நின்றது. மேசையை ஒதுக்கிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தாள்.

"உந்தப் பூச்சி அதுதான். நான் தேடினதுதான்," என்றாள்.

கேதீஸ்வரன் பிள்ளையின் கட்டிலில் நுளம்பு வலையைச் சொருகிக்கொண்டிருந்தான்.

"மெல்லக் கதையும். இப்பதான் நித்திரையானவள்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றப் பக்கத்து வலையை எடுத்து மெத்தைக்கு அடியில் சொருகத் தொடங்கினாள்.